‘எல்லாம் கஞ்சாவால் வந்தது’: மனநல வார்டில் சேரும் இளைஞர்களும் போதைப் பழக்கமும்

மதுரைப் பக்கத்துச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு வகை உண்டு. கஞ்சா போதையில் வாலிபர் ரகளை, பெற்றோரைத் தாக்கினார், போலீசார் பிடித்து மருத்துவமனையில் சேர்த்தனர். கடைசிப் பத்தியில் இன்னொரு வரி இருக்கும்: அவர் சில காலமாகவே மனநலம் பாதிக்கப்பட்டிருந்தார் என உறவினர்கள் தெரிவித்தனர். தலைப்பு ஒரு காரணத்தைச் சொல்கிறது, கடைசி வரி வேறொன்றைச் சொல்கிறது. போதையால் புத்தி பேதலித்ததா, புத்தி பேதலித்ததால் போதைக்குப் போனாரா என்று படிப்பவர் குழம்புவது இயல்புதான்.

வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் இதே கேள்விதான். பதில் எதுவாக இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்க வேண்டும் என்பதில் மனநல மருத்துவத்தில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘எல்லாம் கஞ்சாவால் வந்தது’ என்று முடிவு கட்டிவிட்ட வீட்டில், கஞ்சா நின்றதும் மனநோய்க்கான மாத்திரையும் நின்றுவிடுகிறது. அடுத்த அட்மிஷனுக்கான வழி பல நேரம் அங்கேதான் திறக்கிறது. அது ஏன் என்று பார்க்க, அடிப்படையிலிருந்து வருவோம்.

முதலில் சில சொற்கள்

தீவிர மனநோய் என்று மருத்துவர்கள் சொல்வது பொதுவாக மூன்றை: மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா), அளவுகடந்த உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு, நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் அளவுக்குக் கடுமையான மனச்சோர்வு. இந்தத் தொடர்பு அறுந்த நிலைக்கு மனப்பிறழ்வு என்று பெயர். பக்கத்தில் யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, தெருவில் போகிறவர்கள் எல்லாம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நம்புவது, சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளுவது இதன் அடையாளங்கள். மனப்பிறழ்வு ஓர் அறிகுறித் தொகுப்பு மட்டுமே. காய்ச்சல் பல நோய்களில் வருவதுபோல இதற்கும் பல காரணங்கள் இருக்கலாம்.

போதைப் பக்கமும் மூன்று படிகள் உண்டு. எப்போதாவது எடுப்பது பயன்பாடு. உடம்பையோ வேலையையோ குடும்பத்தையோ கெடுக்கும் அளவுக்குப் போனால் தீங்கான பயன்பாடு. நிறுத்தினால் கை நடுங்கி, தூக்கம் கெட்டு, அதைத் தவிர வேறு நினைப்பே ஓடாத நிலை சார்புநிலை. வார்டில் சேரும் இளைஞர் எந்தப் படியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். செய்தியில் எல்லோரும் ‘போதை ஆசாமி’தான்.

போதை என்றதும் கஞ்சா மட்டும் நினைவுக்கு வருவதும் சரியில்லை. 2019இல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வின்படி 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள். கஞ்சாச் செடியிலிருந்து வருவனவற்றை எடுப்பவர்கள் 2.8 சதவீதம். அதிலும் பெரும் பங்கு, கஞ்சா இலையை அரைத்துச் செய்யும், வடக்கே புழங்கும் பாங்கு. அபின், ஹெராயின், சில வலி மாத்திரைகள் அடங்கிய ஓபியாய்டு வகைகள் 2.1 சதவீதம். அதாவது இந்த ஆய்வு கணக்கெடுத்தவற்றில் டாஸ்மாக் கடையில் கிடைப்பதுதான் முதலிடம். நம் பக்கத்தில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஒன்று, பீடி, சிகரெட், உதட்டுக்குள் அடக்கும் கூல் லிப் போன்ற புகையிலை; இன்னொன்று, மருந்துக் கடை வழியாகவோ கள்ளத்தனமாகவோ கைக்கு வரும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இவற்றில் மிக ஆபத்தானது.

ஏன் இந்த வயதில்?

ஆண்களுக்கு மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து 25 வயதை ஒட்டித் தலைகாட்டும். பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளி. திட்டமிடுவது, ஆசையை அடக்குவது ஆகியவற்றைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. கல்லூரி, ஐடிஐ, முதல் வேலை, முதல் சம்பளம், முதல் பாட்டில், முதல் பொட்டலம் எல்லாம் வருவதும் இதே ஆண்டுகளில்தான். ஒரே காலத்தில் நடப்பதாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணம்போலத் தோன்றிவிடும். சில நேரம் உண்மையிலேயே காரணமாகவும் இருக்கும். அங்கேதான் பிரித்துப் பார்க்கும் வேலை தொடங்குகிறது.

எது முதலில்? நான்கு வழிகள்

1. போதையே நேரடியாகப் பிறழ்வை உண்டாக்குவது. கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற பொருள் அதிக அளவில் உள்ளே போனால், எந்த மனநோயும் இல்லாதவருக்குக்கூட சந்தேகமும் பயமும் குரல்களும் வரலாம். பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ தணிந்துவிடும். போதைப் பொருளை விட்டு ஏறத்தாழ ஒரு மாதம் ஆன பிறகும் அறிகுறிகள் நீடித்தால், அது போதையின் விளைவு மட்டும்தானா என்று மருத்துவர்கள் மறுபரிசீலனை செய்வார்கள்.

2. போதையை நிறுத்தியதால் வருவது. இதை நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் காலையிலிருந்தே குடிக்கும் ஒருவர் மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ ஒரே நாளில் குடியை விடுகிறார். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உடம்பு நடுங்கி, வியர்த்து, இரவும் பகலும் தெரியாமல், சுவரில் பூச்சி ஊர்வதாகக் கையால் தட்டிக்கொண்டிருப்பார். வீட்டார் சாமி குத்தம் என்றோ செய்வினை என்றோ நினைத்துப் பூசாரியிடம் கூட்டிப் போவார்கள். இது உயிருக்கே ஆபத்தான மதுவிலகல் குழப்பநிலை. மனச்சிதைவு நோயில் குரல் கேட்டாலும் இன்று என்ன கிழமை, தான் எங்கே இருக்கிறோம் என்பது பொதுவாகத் தெரியும். இங்கே அதுவே தெரியாது. உடனே சேர்க்க வேண்டியது பொது மருத்துவமனையில். விரதம் இருப்பதில் தப்பில்லை, ஆனால் இப்படிக் குடிப்பவர் அதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுவது அவசியம்.

3. ஏற்கெனவே உள்ள பலவீனத்தைப் போதை தட்டி எழுப்புவது. மனச்சிதைவு நோய்க்கு மரபணுப் பங்கு கணிசமானது. அத்தகைய உடல்வாகு உள்ளவருக்கு, பின்னாளில் வந்திருக்கக்கூடிய நோயைக் கஞ்சா முன்னால் இழுத்து வரலாம். 83 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஒரு கட்டுரை, கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மனப்பிறழ்வு சராசரியாக 2.7 ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கியதைக் காட்டியது. 18 வயதில் அந்த 2.7 ஆண்டுகள் என்பது கிட்டத்தட்ட ஒரு டிகிரிப் படிப்பு.

4. நோய் முதலில், போதை பிறகு. குரல்களின் தொல்லையை அடக்க, தூக்கம் வர, மாத்திரையால் வரும் மந்தத்தைப் போக்க, அல்லது வேறு எந்தக் கூட்டமும் சேர்த்துக்கொள்ளாதபோது சேர்த்துக்கொள்ளும் ஒரே கூட்டத்தோடு இருக்க. கடைசிக் காரணம் மருத்துவ நூல்களில் சிறியதாகத்தான் வரும். வீட்டாரிடம் பேசினால் அதுதான் பெரியதாகத் தெரியும்.

நடைமுறையில் இந்த நான்கும் ஒரே ஆளுக்குள் கலந்தே இருக்கும். 20 வயதில் மூன்றாம் வழியில் நோய் தொடங்கி, 22 வயதில் நான்காம் வழியில் குடி கூடி, 24 வயதில் இரண்டாம் வழியில் வார்டுக்கு வருபவரை எந்தப் பெட்டியில் போடுவது?

எண்கள் என்ன சொல்கின்றன

1969–70இல் ஸ்வீடனில் ராணுவத்துக்குத் தேர்வான சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளியானது. 50 முறைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு கஞ்சாவே எடுக்காதவர்களைவிட 6 மடங்கு. 2019இல் ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வில், டிஎச்சி 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு.

இதைப் படித்ததும் ‘என் ஃப்ரெண்டு நாலு வருஷமா அடிக்கிறான், அவனுக்கு ஒண்ணும் ஆகலையே’ என்று ஒருவர் சொல்வார். அதுவும் பொய்யில்லை. மனச்சிதைவு நோய் வாழ்நாளில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வருவது. அது 5 மடங்கானாலும் பெரும்பாலானோர் தப்பித்துவிடுவார்கள். யார் தப்பிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ரத்த உறவில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், பதினைந்து பதினாறு வயதிலேயே தொடங்கினால், தினமும் எடுத்தால் வாய்ப்பு கூடும் என்ற அளவுக்குத்தான் தெரியும்.

கஞ்சா நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கு இன்னொரு எண் தேவை. ‘போதையால் வந்த பிறழ்வு’ என்று முதலில் முத்திரை குத்தப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளை 2020இல் தொகுத்துப் பார்த்தார்கள். கஞ்சாவால் வந்தது என்று எழுதப்பட்டவர்களில் 34 சதவீதம் பேருக்குப் பின்னர் மனச்சிதைவு நோய் என்றே முடிவானது. மூன்றில் ஒருவர். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கஞ்சாவால் ஏற்பட்ட மனப்பிறழ்வு’ என்று இருந்தால், அது இப்போதைக்கு எழுதப்பட்ட முடிவு என்று வாசிப்பதே சரி.

வார்டில் முதல் வாரம்

சேர்ந்த உடனே நடப்பது, ஆளுக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்தில்லாமல் அமைதிப்படுத்துவது, தூங்க வைப்பது, மதுவிலகல் அறிகுறி இருந்தால் அதற்கான மாத்திரையும் தையமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போடுவது. அப்புறம் சிறுநீர்ப் பரிசோதனை. இதை வீட்டார் தீர்ப்புபோல எதிர்பார்க்கிறார்கள். அது தீர்ப்பு இல்லை. எப்போதாவது கஞ்சா எடுப்பவருக்குச் சில நாட்களும், தினமும் எடுப்பவருக்கு மூன்று நான்கு வாரங்களும் பாசிட்டிவ் காட்டும். எனவே பாசிட்டிவ் என்றால் இன்று போதையில் இருக்கிறார் என்று அர்த்தமாகாது. டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் வழக்கமான ஓபியாய்டு சோதனைப் பட்டையில் தெரியாது. எனவே நெகட்டிவ் வந்தால் எதுவும் எடுக்கவில்லை என்றும் அர்த்தமாகாது.

பரிசோதனையைவிடப் பயன்படுவது வீட்டார் சொல்லும் காலவரிசை. பேச்சு குறைந்தது எப்போது, குளிப்பதை விட்டது எப்போது, தனியாகச் சிரித்தது எப்போது, பொட்டலம் முதலில் கண்ணில் பட்டது எப்போது, போதையே இல்லாமல் இருந்த மாதங்கள் ஏதாவது உண்டா, அப்போது எப்படி இருந்தார். கோபத்தில் எல்லாவற்றையும் போதையில் ஏற்றிச் சொல்லும் அப்பாவும், பிள்ளை பெயர் கெடும் என்று போதையை மறைத்துச் சொல்லும் அம்மாவும் மருத்துவருக்கு இரண்டு வேறு நோய்களைக் காட்டுகிறார்கள்.

பீடியும் மாத்திரையும்

வார்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத போதை புகையிலை. ‘பாவம், அதையாவது விட்டுவைப்போம்’ என்பார்கள். ஆனால் மருந்துக் கணக்கை நேரடியாக மாற்றுவது அதுதான்.

குளோசபின், ஓலன்சபின் ஆகிய இரண்டும் மனச்சிதைவுக்கு எழுதப்படும் மாத்திரைகள். இவற்றைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி உடைத்து வெளியேற்றுகிறது. பீடி, சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள் அந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. விளைவு: புகைப்பவரின் ரத்தத்தில் மருந்தளவு குறைந்துபோகும். வார்டில் புகை கிடைக்காது. அங்கே சரியாக வேலை செய்த அதே அளவு மாத்திரை, வீட்டுக்கு வந்து பழையபடி நாளுக்கு ஒரு கட்டு பீடி பிடிக்கத் தொடங்கியதும் போதாமல் போகலாம். ‘மாத்திரையை ஒழுங்காத்தான் போடுறான், ஆனாலும் திரும்ப வந்துருச்சு’ என்று வீட்டார் சொல்வதில் சில நேரம் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கும். தலைகீழாகவும் நடக்கும். குளோசபின் எடுப்பவர் திடீரெனப் புகையை விட்டால் மருந்தளவு ஏறி, அதிகத் தூக்கம், எச்சில் ஒழுகல், வலிப்பு வரை போகலாம். புகையை விடுவது நல்லதுதான், மருத்துவரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும்.

இதைச் செய்வது புகை, நிகோட்டின் இல்லை. எனவே கூல் லிப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. புகைப்பவர் கூல் லிப்புக்கு மாறினாலும் மருந்தளவு மாறும் என்பதால் அதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தடையில் இருந்தும் ‘என்ன எடுக்கிறீர்கள்’ என்ற கேள்வியை விரிவாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. மதுரை வெயிலில் குடித்து, வாந்தி எடுத்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் கிடந்தால் ரத்தத்தில் லித்தியம் நச்சளவுக்கு ஏறலாம்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரமாகும் பொடிகள் வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். மனப்பிறழ்வு உள்ளவருக்கு அந்த மருந்தே அறிகுறிகளைக் கூட்டலாம். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படும் ஒருவரின் சாப்பாட்டில் நிஜமாகவே கலப்பதைப் பற்றித் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

வன்முறை பற்றி

செய்திகள் விதைக்கும் பயம் இது. 2009இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்று இதைப் பிரித்துப் பார்த்தது. மனச்சிதைவு நோயோடு போதைப் பழக்கமும் உள்ளவர்கள் வன்முறைக் குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு பொதுமக்களைவிட 4.4 மடங்கு. போதைப் பழக்கம் இல்லாத மனச்சிதைவு நோயாளிகளுக்கு 1.2 மடங்குதான். அதாவது பயப்பட வைக்கும் பகுதியின் பெரும்பங்கு, சிகிச்சையால் மாற்றக்கூடிய பகுதி. ‘மனநோயாளி வெறிச்செயல்’ என்று தலைப்பு வைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வாசல்கள்

இங்கே குடும்பங்கள் அலைவதற்கு ஒரு பெரிய காரணம், போதைக்கு ஒரு வாசல், மனதுக்கு ஒரு வாசல் என்று அமைப்பு பிரிந்து கிடப்பது. போதை மீட்பு மையத்தில் ‘இவருக்கு மனநோய் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்’ என்பார்கள். மனநல மருத்துவமனையில் ‘முதலில் போதையை விடட்டும்’ என்பார்கள். இரண்டையும் ஒரே குழு பார்ப்பதே நல்ல பலன் தரும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது, போதைப் பொருட்களால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. அதன்படி:

1. சுயமாக முடிவெடுக்க முடியாத நிலையில் உள்ளவரை, அவருடைய நியமனப் பிரதிநிதியின் (அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை சேர்க்கலாம். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

2. சங்கிலியில் கட்டுவது முழுத் தடை. இதற்கு நம் பக்கத்திலேயே ரத்தச் சாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். ‘அடிச்சாத்தான் திருந்துவான்’ என்று சொல்லும் எந்த மையத்தையும் அந்தத் தேதியை மனதில் வைத்தே பார்க்க வேண்டும்.

3. மனநல சிகிச்சை தரும் நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். போதை மீட்பு மையத்தில் சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் கேட்பது வீட்டாரின் உரிமை.

மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மறுவாழ்வுப் பணிகளைச் செய்துவருகிறது. பாண்டி கோயிலுக்கோ கோரிப்பாளையம் தர்காவுக்கோ போவதை நிறுத்தச் சொல்லி எந்த மருத்துவரும் சண்டை போட வேண்டியதில்லை, மாத்திரை நிற்காமல் இருந்தால் போதும்.

உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் பலரை வாய் மூட வைக்கிறது. போதைப் பொருள் தடுப்புச் சட்டம், 1985இன் 64ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ உட்கொண்டதற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட சார்புநிலையாளர், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கு பறிபோகலாம்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு

வார்டில் இருக்கும்போது எல்லாம் சரியாக நடப்பதுபோல் இருக்கும். பொட்டலம் இல்லை, பழைய கூட்டம் இல்லை, நேரத்துக்கு மாத்திரை. சோதனை வீட்டுக்கு வந்தபிறகுதான். தற்கொலை ஆபத்து மிக அதிகமாக இருப்பதும் டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான். வலி மாத்திரை ஊசிப் பழக்கம் இருந்தவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. மூன்று வாரம் எடுக்காமல் இருந்ததில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். இதை டிஸ்சார்ஜ் அன்றே நோயாளியிடம் நேராகச் சொல்ல வேண்டும்.

மாத்திரையை மறப்பவர்களுக்கும் மறைப்பவர்களுக்கும் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி வடிவ மருந்துகள் உண்டு. உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ மதுரைக்கு வந்து போக ஒரு நாள் கூலி போகும் குடும்பங்களுக்கு இது பெரிய வித்தியாசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் பக்கத்துத் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொண்டால் அலைச்சல் இன்னும் குறையும்.

ஒருமுறை சறுக்கி ஒரு பீர் பாட்டிலோ ஒரு பொட்டலமோ எடுத்துவிட்டால் அன்றைய மாத்திரையை நிறுத்துவது பலர் செய்யும் தவறு. ‘குடிச்சிருக்கான், மாத்திரை சேராது’ என்ற எண்ணத்தில் நிறுத்துகிறார்கள். தூக்க மாத்திரை வகைக்கு அந்தப் பயம் நியாயமானது, மதுவோடு சேர்ந்தால் மூச்சைக் குறைக்கும். மற்ற மாத்திரைகளைத் தொடர்வதா என்பதைத் தாங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நேரில் போக முடியாத நேரத்தில் மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416, தமிழக அரசின் 104, போதை மீட்புக்கான தேசிய எண் 14446 ஆகியவற்றில் பேசலாம்.

முதல் முறை மனப்பிறழ்வு வந்து குணமானவருக்கு, அறிகுறிகள் அடங்கிய பிறகும் குறைந்தது ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை மருந்தைத் தொடருமாறு பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. போதையால் மட்டுமே வந்தது என்று மருத்துவர் கருதினால் இந்தக் காலம் குறையலாம். அப்போதும் அளவைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் தூக்கமும் பேச்சும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தபிறகே அடுத்த படிக்குப் போவார்கள்.